இருபதாவது இனம்

மூன்று சனிக்கிழமைகளாக வருகிறோம்.
ஊத்துக்கோட்டை எல்லையில் பேருந்தை விட்டு இறங்கினால்
கைப்பேசி ஆந்திராவுக்கு நல்வரவு சொல்கிறது,
கால் இன்னும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும்போதே.

தொழிற்பயிற்சி நிலையம். இரண்டு கொட்டகை, ஒரு கொடிக்கம்பம்.
அதை முன்னேற்ற வந்தவர்கள் நாங்கள்:
கம்பெனி கொடுத்த நீலச்சட்டையில் ஐந்து பேர்.
நான் தரக் கட்டுப்பாடு.
குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்,
இங்கே இலவசமாகச் செய்தேன்.

பத்தொன்பது இனம் எழுதினேன்.

முதலாவது, லேத் எந்திரம்.
நான்கு வருடமாகத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது.
பல்லி ஒன்று உள்ளே குடும்பம் நடத்துகிறது.
மும்முனை மின்சாரம் கேட்டு
துரைவேலு சார் போட்ட மனுக்களின் கட்டு
எந்திரத்தின் கையேட்டைவிடத் தடிமன்.

ஏழாவது, குடிநீர். பரிசோதிக்கவும்.
வெல்டர் பிரிவில் பெண்கள் பதினொரு பேர்.
அவர்கள் பக்கம் வைத்த கேன்
சாயங்காலம்வரை தளும்பிக்கொண்டே நிற்கிறது.
உப்புத் தண்ணீராக இருக்கலாம் என்று எழுதினேன்.
ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

சுண்ணாம்பு அடித்து முடித்த மதியம்
உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க என்றேன்,
தாராளமாக.
புரொஜெக்டர் என்றான் ஒருவன்.
கிரிக்கெட் மட்டை என்றான் இன்னொருவன்.
நாகலாபுரத்திலிருந்து வருகிற ஹேமாவதி
பின்வரிசையில் எழுந்து
'கடிய' என்றாள்.

சுவரைப் பார்த்தேன். ஒன்பதே காலில் நின்றுபோயிருந்தது.
இருபது: சுவர்க் கடியாரம்.
எழுதியே விட்டேன்.

அவள் மறுபடி சொல்லவில்லை.
கையை மடக்கிக்
காற்றில் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினாள்.
பிறகு பின்கட்டைப் பார்த்தாள்.

தாழ்ப்பாள்.
தெலுங்கில் அதற்குக் கடிய என்று பெயர்.
கழிப்பறைக் கதவுக்கு எட்டு மாதமாக அது இல்லை.
ஒருத்தி போனால் இருவர் வெளியே பிடித்து நிற்க வேண்டும்.
பையன்கள் பந்து ஆடுவதும் அந்தப் பக்கம்தான்.
அதனால் காலை ஏழு மணி டீயோடு சரி,
வீடு திரும்பும்வரை நாக்கு நனைவதில்லை.

ஏழாவது இனத்தை அடித்தேன்.
பர்ஸை எடுத்தேன், கடைத்தெருவில் நாற்பது ரூபாய்தான்.
ஹேமாவதி கேட்டாள்:
அப்போ நாங்க எதுக்கு சார் இங்க படிக்கிறோம்?

ஒரு முழம் கம்பி எடுக்க
பூங்காவனத்தின் ஸ்டோர் ரிஜிஸ்டரில் மூன்று கையெழுத்து.
பிச்சாட்டூர் மதகு திறந்து போன மழையில் புகுந்த ஈரம்
வெல்டிங் ராடுகளில் இன்னும் இருந்தது.
எதிர்க்கடை கங்குலம்மாவின் தோசைக்கல்லில்
புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள்.
எனக்கும் ரெண்டு போடும்மா என்றார் லாரிக்காரர் ஒருவர்.

முதல் பற்றவைப்பு மண்புழு ஊர்ந்த மாதிரி.
அரைத்து எடுத்தாள்.
இரண்டாவதில் ஓட்டை.
மூன்றாவது நின்றது,
என் கண் அளவில் இரண்டு மில்லிமீட்டர் கோணலாக.
கம்பெனியில் என்றால் சிவப்பு அட்டை கட்டியிருப்பேன்.
கேலிப்பரைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

கதவில் பொருத்தி, உள்ளே போய்ச் சாத்தினாள்.
டக்.
திறந்தாள். மறுபடி, டக்.
அடுத்தவள் போனாள். அதற்கடுத்தவள்.
யாருக்கும் அவசரம் ஒன்றுமில்லை,
அந்தச் சத்தத்தை உள்ளிருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.
நாங்கள் ஐந்து பேரும்
கொடிக்கம்பத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செய்திமடலுக்குப் படம் கேட்டார்கள்.
கழிப்பறைக் கதவெல்லாம் போட முடியாதாம்.
நீலச்சட்டைகள் தார்ப்பாய் முன்னால் நிற்கும் படம் போயிற்று.
மனுக்கட்டில் இன்னொரு தாள் சேர்ந்தது.

நான்காம் சனிக்கிழமை.
பதினொன்றரை கூட ஆகவில்லை,
கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
ஒருத்தி வந்து நிற்கிறாள்:
சார், தண்ணி தீந்துபோச்சு.